கேட்பதற்கும் ஆணையிடுவதற்கும் நடுவே

அவைத் தலைவர் அவர்களே, சிட்னித் தமிழ்ப் பெரியோர்களே, பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இணையத்தில் ஒருவர் மீது வீசப்படும் வசையையும் மிரட்டலையும் குறித்து அரசிடம் முறையிடலாம் என்பதை நம்மவர்களில் பலர் இன்னும் அறியவில்லை. காவல் நிலையம் ஒன்றுதான் வழி என்று எண்ணி, அங்கே போகவும் தயங்கி, பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே இ-சேஃப்டி (eSafety) எனப்படும் ஓர் ஆணையர் அலுவலகம் 2015 முதல் இயங்கி வருகிறது. தொடக்கத்தில் குழந்தைகளின் இணையப் பாதுகாப்புக்கு மட்டும் உரியதாக இருந்த அந்தப் பதவி, 2017இல் எல்லா வயதினருக்கும் உரியதாக விரிந்தது. அந்த ஆண்டில் ஆணையராகப் பொறுப்பேற்ற ஜூலி இன்மன் கிராண்ட், அதற்கு முன் மைக்ரோசாஃப்ட், ட்விட்டர் ஆகிய நிறுவனங்களில் பணியாற்றியவர். சமூக ஊடகத் தளங்களை அவற்றின் உள்ளிருந்தே அறிந்தவர். இன்று நடப்பில் இருக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த அலுவலகத்தில் முறையீட்டைக் கையில் எடுக்கும் அதிகாரி என்ன செய்கிறார், அவருடைய அதிகாரம் எத்தகையது, அது எங்கே இடறுகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முறையீடுகள் நான்கு வகைப்படும். குழந்தைகளைக் குறிவைக்கும் துன்புறுத்தல், பெரியவர்களைக் குறிவைக்கும் துன்புறுத்தல், ஒருவருடைய அந்தரங்கப் படத்தை இசைவின்றிப் பகிர்தல், சட்டவிரோதமான அல்லது கட்டுப்படுத்தப்பட்ட உள்ளடக்கம் என்பவை அவை. முதல் இரண்டு வகைகளிலும், பாதிக்கப்பட்டவர் முதலில் அந்தத் தளத்திடமே புகார் செய்திருக்க வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தளம் பதிவை நீக்காவிட்டால், ஆணையர் நீக்க அறிவிப்பை அனுப்ப முடியும். அறிவிப்பு கிடைத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதிவு போயாக வேண்டும். மீறினால் உரிமையியல் தண்டத்தொகை உண்டு. பழைய சட்டத்தில் இந்தக் கெடு நாற்பத்தெட்டு மணி நேரமாக இருந்தது. ஆகவே, முறையிட வருகிறவரிடம் பதிவின் இணைய முகவரி, பதிவிட்டவரின் கணக்குப் பெயர், தேதி தெரியும்படி எடுத்த ஸ்க்ரீன்ஷாட், தளத்திடம் புகார் செய்ததற்கான சான்று ஆகியவற்றை அதிகாரி முதலிலேயே கேட்பார். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவருக்கு உதவுவது மிகக் கடினம் என்பதைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தரங்கப் படங்களின் நிலை வேறு. அங்கே தளத்திடம் முன்கூட்டிப் புகார் செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; நேரே ஆணையரிடம் போகலாம். கணினியால் திரித்துப் புனைந்த போலிப் படங்களும் இதில் அடங்கும். அத்தகைய போலிப் படங்களை வெளியிட்ட ஒருவருக்கு 2025 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் 3,43,500 ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. பொதுவிடத்தில் சமய அல்லது பண்பாட்டு வழக்கப்படி முக்காடோ தலைப்பாகையோ அணியும் ஒருவரை, தனியிடத்தில் அது இல்லாத நிலையில் எடுத்த படத்தையும் இந்தச் சட்டம் அந்தரங்கப் படமாகவே கொள்கிறது. வெள்ளையரல்லாத குடும்பங்களின் கூச்சத்தையும் மானத்தையும் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு பிரிவே சான்று. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவும் அதுதான்.

அதிகாரியின் பணி கடினமாவது பெரியவர்களின் முறையீட்டில்தான். ஒரு குழந்தையைப் பற்றிய பதிவானால், அது அக்குழந்தையைக் கடுமையாக மிரட்டவோ, அச்சுறுத்தவோ, தொல்லைப்படுத்தவோ, இழிவுபடுத்தவோ கூடியதா என்று பார்த்தால் போதும். பெரியவர் என்றால் வாசல்படி உயரம். அந்தப் பதிவு ஒரு குறிப்பிட்ட ஆஸ்திரேலியருக்குக் கடுமையான தீங்கு விளைவிக்கும் நோக்கம் கொண்டது என்று நியாயமான சராசரி மனிதர் ஒருவர் முடிவுக்கு வருவாரா என்பது முதற்கேள்வி. எல்லாச் சூழல்களையும் கருதிய பிறகும் அது அச்சுறுத்துவதாகவோ, தொல்லைப்படுத்துவதாகவோ, அருவருக்கத்தக்கதாகவோ இருக்கிறது என்று, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் இருக்கும் நியாயமான சராசரி மனிதர் கருதுவாரா என்பது அடுத்த கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்ற விடை வேண்டும். கடுமையான தீங்கு எது என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது: வெறும் மனவருத்தம், துயரம், அச்சம், சினம் போன்ற இயல்பான உணர்வுகள் மட்டும் அதில் சேரா. அழுதபடி முறையிட வந்தவரிடம், உங்கள் துயரம் உண்மையானது, ஆனால் சட்டத்தின் அளவுக்கு அது எட்டவில்லை என்று சொல்ல வேண்டிய நிலை அதிகாரிக்கு அடிக்கடி நேர்வது இதனால்தான். ஒருவருடைய நற்பெயருக்கு நேர்ந்த இழுக்கு அவதூறு வழக்குக்கு உரியது. ஒரு சமூகத்தின் மீது பொதுவாகக் கொட்டப்படும் வெறுப்பும், குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டாதவரை, இந்தத் திட்டத்துக்குள் வராது. முறையீடு எழுத உதவி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதையே. ஒரு வாட்ஸ்அப் குழுவில் நம் ஊர்க்காரரையோ நம் சாதியாரையோ பழித்தார் என்பதற்காக ஆணையர் வரமாட்டார்.

இந்த உயரமான வாசல்படிக்கு வெளியே நிற்கிற முறையீடுகள் என்னவாகின்றன? இங்கேதான் அந்த அலுவலகத்தின் சாதுரியமும் சிக்கலும் ஒருங்கே இருக்கின்றன. தளங்கள் ஒவ்வொன்றும் தமக்கென விதிகளை எழுதி வைத்திருக்கின்றன. அதிகாரி ஆணை எதுவும் பிறப்பிக்காமல், இந்தப் பதிவு உங்கள் விதியையே மீறுகிறது, பாருங்கள் என்று தளத்துக்குச் சுட்டிக்காட்டுவார்; தளமும் பெரும்பாலும் நீக்கிவிடும். குழந்தைகள் தொடர்பான முறையீடுகள் பெரிதும் இப்படித்தான் தீர்கின்றன. பள்ளிக்கூடச் சண்டையில் பதினான்கு வயதுப் பிள்ளையின் படம் கேலிப்படமாகிச் சுற்றும்போது, சட்டப்பிரிவுகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, தளத்துக்கு எழுதும் ஒரு மின்னஞ்சல் விரைவாகப் பயன் தரும். பதிவிட்டவருக்கே அறிவிப்பு அனுப்பி, மன்னிப்புக் கேட்கச் சொல்லும் அதிகாரத்தையும் சட்டம் குழந்தைகள் பொருட்டுக் கொடுத்திருக்கிறது. அரசாணையின் பேரில் கேட்கும் மன்னிப்பு எத்தகையதாக இருக்கும் என்பது வேறு கதை.

ஆனால் அரசு அலுவலகம் ஒன்று கேட்கும்போது அது வெறும் கேட்பாக நிற்குமா? தண்டம் விதிக்கவல்லவர் எழுதிய கடிதத்தைத் தளம் எப்படிப் படிக்கும்? மெல்போர்னில் ஒரு தொடக்கப்பள்ளியில் நடந்த, பால்புதுமையினருக்கான (queer) மாணவர் மன்றத்தைப் பழித்து ஒரு பெண் 2024இல் எக்ஸ் தளத்தில் வெளியிட்ட காணொளி தொடர்பாக இந்தக் கேள்வி நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. சட்டப்படியான நீக்க அறிவிப்பை அனுப்பவில்லை, தளத்தின் விதிகளையே சுட்டினோம் என்பது அலுவலகத்தின் நிலை. தளமோ அந்தப் பதிவை ஆஸ்திரேலியாவுக்குள் தெரியாதபடி தடுத்துவிட்டது. ஆணையே இல்லையென்றால் அந்தப் பெண் மறுஆய்வு கேட்க முடியாது. 2025 பிப்ரவரியில் தீர்ப்பாயம், பெயர் எதுவானாலும் அது நீக்க அறிவிப்பே, ஆகவே மறுஆய்வு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று கூறியது. அந்தப் பதிவின் கருத்தில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆயினும் இந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு முடிவு வந்தது. உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு ஒன்றுக்கு நியமிக்கப்பட்ட, திருநம்பியான ஓர் ஆஸ்திரேலியரைப் பழித்துக் கனடாவைச் சேர்ந்த ஆர்வலர் ஒருவர் எழுதிய பதிவுக்கு, 2024 மார்ச்சில் முறையான நீக்க அறிவிப்பே போயிருந்தது. அதைத் தீர்ப்பாயம் ரத்துச் செய்தது. சொற்கள் புண்படுத்துபவைதாம்; ஆனால் கடுமையான தீங்கு விளைவிக்கும் நோக்கம் நிறுவப்படவில்லை என்பதே காரணம். இந்த முடிவைக் கேட்டு, முறையிட்டவரின் வேதனையை எண்ணி மனம் வருந்தியவர்கள் பலர். அவர்களோடு நானும் வருந்துகிறேன். ஆனால் இங்கே அதிகாரி முறையான அறிவிப்பை அனுப்பியதால்தான், அவர் சட்டத்தைப் படித்த விதம் சரியா என்று வேறொருவர் வெளிப்படையாகச் சோதிக்க முடிந்தது. கேட்டுப் பெற்ற நீக்கம் பெரும்பாலும் அப்படிச் சோதனைக்கு வருவதில்லை.

நாட்டின் எல்லையும் ஒரு தடை. 2024 ஏப்ரலில் சிட்னியின் வேக்லியில் தேவாலயத்துக்குள் ஆயர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட காணொளியை உலகெங்கும் மறைக்க வேண்டும் என்று ஆணையர் கோரியபோது, எக்ஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவுக்குள் மட்டுமே மறைப்போம் என்று வாதாடியது. மே மாதம் நீதிமன்றம் இடைக்காலத் தடையை நீட்டிக்க மறுத்தது; ஜூனில் ஆணையர் வழக்கைக் கைவிட்டார்.

இணையப் பாதுகாப்புச் சட்டத்தை அரசுக்காக மறுஆய்வு செய்த டீலியா ரிக்கர்டின் அறிக்கை 67 பரிந்துரைகளோடு 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தனியொரு ஆணையருக்குப் பதிலாக உறுப்பினர் பலரைக் கொண்ட ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஒரு சொல் எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது என்று தீர்மானிப்பதை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றி வைப்பதைவிடப் பலர் கூடி ஆராய்வது மேல் என்பதால், நான் அதை ஆதரிக்கிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன். அலுவலகம் தளத்திடம் வாய்மொழியாகவோ மின்னஞ்சலிலோ கேட்டு ஒரு பெரியவரின் பதிவு மறைக்கப்பட்டால், யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள், எங்கே முறையிடலாம் என்பதைப் பதிவிட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அதில் வெளியிடக் கூடாது. குழந்தைகள் தொடர்பானவற்றுக்கும் அந்தரங்கப் படங்களுக்கும் இப்போதுள்ள விரைவு அப்படியே இருக்கட்டும். அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் கேடு.

கேள்வி கேட்க விரும்புவோர் கேட்கலாம். நன்றி, வணக்கம்.