டக் லேக்கில் அரைமணி நேரம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் மாலை வணக்கம்.

1884 ஜூன் மாதம். மேற்குக் கனடாவில் பேட்டில்ஃபோர்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் கிரீ பழங்குடி மக்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே அரசாங்கத்தின் உணவுக் கிடங்குக்கு ஒருவர் வருகிறார். வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று கேட்கிறார். கிடங்குக்குப் பொறுப்பாக இருந்த அரசு ஊழியர் மறுத்துவிடுகிறார். வாக்குவாதம் முற்றுகிறது. வந்தவர் கையில் கிடைத்த கோடரிக் காம்பை எடுத்து ஒரு அடி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

இவ்வளவுதான் சம்பவம். ஆனால் அடி வாங்கியவர் அரசு ஊழியர். அடித்தவரைக் கைது செய்தே ஆக வேண்டும். அந்த வேலை வடமேற்குக் குதிரைப் போலீஸின் சூப்பரிண்டெண்டெண்ட் லீஃப் குரோசியரிடம் வருகிறது. இன்று நான் பேசப்போவது இவரைப் பற்றித்தான். மேற்குக் கனடாவில் அரசை எதிர்த்து எழுந்த 1885 வடமேற்குக் கிளர்ச்சியைப் பற்றிப் படிக்கும்போது அதன் தலைவர் லூயி ரியேல் வருவார், அவருடைய படைத்தளபதி கேப்ரியல் டூமோன் வருவார். குரோசியருக்குக் கிடைப்பதெல்லாம் 'அவசரப்பட்டுத் தோற்ற அதிகாரி' என்று ஒரு வரி. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்துவது அநியாயம் என்பது என் எண்ணம்.

குரோசியர் அயர்லாந்தின் நியூரியில் 1846இல் பிறந்தவர், கனடாவில் வளர்ந்தவர். 1873இல் அந்தப் போலீஸ் படை உருவானபோதே சேர்ந்துவிட்டார். அயர்லாந்தில் பிரிட்டிஷார் நடத்திய ஆயுதப் போலீஸின் சாயல் இந்தப் படைக்கு உண்டு. நம் நாட்டில் ஆங்கிலேயர் போலீஸ் அமைப்பை வகுத்தபோதும் அந்த அயர்லாந்து மாதிரி அவர்கள் மனதில் இருந்தது. ஆகவே இது நமக்கு முழுக்க அந்நியமான கதையில்லை. அந்தச் சமவெளியில் ஒரு போலீஸ் அதிகாரி என்றால் கைது செய்பவரும் அவரே, மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து விசாரிப்பவரும் அவரே, சிறையைக் காப்பவரும் அவர் ஆட்களே. 1885 வரைக்கும் மொத்தப் படையே சில நூறு பேர்தான். அவர்கள் காவல் காத்த நிலப்பரப்போ ஐரோப்பாவின் பல நாடுகளை உள்ளே போட்டு மூடலாம்.

அப்படியானால் எதை வைத்து ஆண்டார்கள்? துப்பாக்கியை வைத்து அல்ல. பின்வாங்க மாட்டார்கள் என்ற பெயரை வைத்து. 1876இல் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படையை அழித்த பிறகு எல்லை தாண்டி வந்த பழங்குடித் தலைவர் சிட்டிங் புல்லின் ஆட்களை வுட் மவுண்டனில் சமாளித்தது சில டஜன் போலீஸ்காரர்கள்தான். 1880இல் அந்த இடத்தின் பொறுப்பு குரோசியரிடம் வந்தது. 1882இல் பிளாக்ஃபுட் மக்கள் நடுவே ஒரு கைது பிரச்சினையானபோது, அங்கிருந்த சிறு காவல் நிலையத்தை மரத்தடிகளால் பலப்படுத்திக்கொண்டு, பெருந்தலைவர் குரோஃபுட் வந்து கேட்டும் கைதியை விடாமல் நின்றார். அன்றிலிருந்து குரோசியர் என்றால் விட்டுக்கொடுக்காத ஆள். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவரை மாட்டிவைத்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, கிடங்குக்குத் திரும்புவோம்.

குரோசியர் போன நேரத்தில் அங்கே பெரிய திருவிழா. கிரீ மக்கள் தாக நடனம் என்று சொல்லும் வழிபாட்டுக்காகப் பல குழுக்கள் கூடியிருந்தன. பிக் பேர், பவுண்ட்மேக்கர் இரண்டு தலைவர்களும் இருந்தார்கள். நடனம் முடியட்டும் என்று குரோசியர் காத்திருந்தார். இரவோடு இரவாக அங்கிருந்த ஒரு மரக் கட்டடத்தைப் பலப்படுத்தினார். மறுநாள் பேச்சுவார்த்தை. அவரை விட்டுவிடுங்கள், வேண்டுமானால் எங்களைப் பிணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைவர்கள் இருவரும் சொல்லிப் பார்த்தார்கள். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே துப்பாக்கிகள். அந்த நெரிசலுக்குள் போலீஸ்காரர்கள் புகுந்து ஆளை இழுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போனார்கள். ஒரே ஒருவர் விசையை அழுத்தியிருந்தால் போதும், அன்றைக்கே போர் தொடங்கியிருக்கும்.

அப்புறம் குரோசியர் ஒன்று செய்தார். கிடங்கில் இருந்த மாவையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் எடுத்து வெளியே நின்ற கூட்டத்துக்குக் கொடுக்கச் சொன்னார்.

எனக்கு இவர் வாழ்க்கையிலேயே முக்கியமான காட்சி இதுதான். எந்த மாவு இல்லை என்று சொன்னதால் எல்லாம் தொடங்கியதோ, அதே மாவு. கூட்டம் வாங்கிக்கொண்டது, கலைந்தது. பிடிபட்டவருக்குக் கிடைத்ததும் சிறிய தண்டனைதான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நாம் சொல்கிறோமே, அது அந்த அதிகாரிக்குக் கண்ணெதிரே விளங்கிவிட்டது.

அந்த மக்களுக்கு ஏன் பசி? 1879 வாக்கில் அந்தச் சமவெளியில் காட்டெருமை மந்தைகள் இல்லாமல் போய்விட்டன. அவர்களுக்கு உணவு, உடை, கூடாரம் எல்லாமே அந்த எருமைதான். 1876இல் போட்ட ஆறாம் ஒப்பந்தத்தில் பஞ்ச காலத்தில் உதவுவோம் என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. பிறகு ஒட்டாவாவில் உட்கார்ந்துகொண்டு செலவைக் குறை, ரேஷனைக் குறை என்று உத்தரவு போட்டார்கள். பிரதமர் ஜான் மெக்டொனால்டு, பழங்குடி விவகாரத் துறையையும் தன் கையிலேயே வைத்திருந்தவர்.

குரோசியர் அந்த ஜூன் மாதமே கவர்னர் டியூட்னிக்கு எழுதினார். ஒரு மனிதன் எவ்வளவு குறைவான சோற்றில் வேலை செய்து உயிர் வாழ முடியும் என்று சோதித்துப் பார்ப்பது போல உணவுச் செலவை வெட்டுகிறீர்கள், இது பொய்யான சிக்கனம் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். எழுதியது ஒரு சமூகச் சீர்திருத்தவாதி இல்லை, துப்பாக்கியோடு போன போலீஸ் அதிகாரி. கடிதம் போனது. ரேஷன் கூடவில்லை.

இன்னொரு பக்கம் மேட்டி மக்கள். பிரெஞ்சு வணிகர்களுக்கும் பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்த வழியில் வந்த தனி இனம். தெற்கு சஸ்காட்செவன் ஆற்றங்கரையில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றுத் தண்ணீர் எட்டும்படி நீளவாட்டில் நிலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆற்றுப் பாசனம் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். அரசாங்க சர்வேயர்களோ நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்தார்கள். பட்டா கேட்டு மனு மேல் மனு போனது, பதில் இல்லை. 1884 கோடையில் டூமோனும் மூன்று பேரும் மொன்டானா வரை குதிரையில் போய் ரியேலை அழைத்து வந்தார்கள்.

1885 மார்ச் 13ஆம் தேதி குரோசியர் தந்தி அடித்தார்: எந்த நிமிடமும் கலகம் வெடிக்கலாம், படையைப் பெருக்குங்கள். ஆறு நாள் கழித்து மேட்டிகள் படோஷ் கிராமத்தில் தற்காலிக அரசை அறிவித்தார்கள். குரோசியர் அப்போது இருந்தது கார்ல்டன் கோட்டையில். கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி நினைத்துவிட வேண்டாம். மரவேலி போட்ட வியாபாரக் கிடங்கு, சுற்றிலும் மேடு, அது கிடந்ததோ பள்ளத்தில். சரணடையச் சொல்லி ரியேல் ஆள் அனுப்பினார், இவர் மறுத்தார். கமிஷனர் ஏர்வின் ரெஜினாவிலிருந்து உதவிப் படையோடு வந்துகொண்டிருந்தார். அது குரோசியருக்குத் தெரியும். மார்ச் 26 காலையில் ஏர்வின் ஒருநாள் தூரத்துக்குள் வந்துவிட்டார்.

அன்று காலை டக் லேக் என்ற ஊரில் இருந்த ஒரு கடையிலிருந்து உணவையும் தோட்டாக்களையும் எடுத்து வரச் சிறு குழு ஒன்று பனிச்சறுக்கு வண்டிகளோடு போனது. டூமோனின் ஆட்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சண்டையில்லை, வாய்ச்சண்டைதான். ஆனாலும் குதிரைப் போலீஸ் பின்வாங்கித் திரும்பி வந்திருக்கிறது! கோட்டைக்குள் இருந்த, பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற ஊரின் தொண்டர் படையினர் துடித்தார்கள். அந்தப் பகுதியின் பெரிய வியாபாரக் கம்பெனி அதிகாரி ஒருவர், பயமா என்று கேட்கிற தொனியில் உசுப்பிவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. விட்டுக்கொடுக்காத ஆள் என்ற பெயர் சும்மா இருக்கவிடுமா? போலீஸும் தொண்டர்களுமாக நூறுக்குச் சற்றுக் குறைவான ஆட்களோடும் ஒரு 7 பவுண்டு பீரங்கியோடும் குரோசியர் கிளம்பிவிட்டார். பதறாத காரியம் சிதறாது. திருவிழா முடியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்த அதே மனிதரால் இந்த முறை அரைநாள் காத்திருக்க முடியவில்லை.

டக் லேக்குக்குச் சற்று முன்னால் டூமோனின் ஆட்கள் எதிர்ப்பட்டார்கள். அவருடைய அண்ணன் இசிதோரும், அசியிவின் என்ற கிரீ முதியவரும் பேசுவதற்கு முன்னே வந்தார்கள். அசியிவின் கையில் ஆயுதம் இல்லை, பார்வையும் மங்கியவர், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் என்று கிரீ மக்கள் சொல்லி வருகிறார்கள். குரோசியரும் மொழிபெயர்ப்பாளர் ஜோ மெக்கேயும் எதிரே போனார்கள். பேச்சு நடக்கும்போதே மேட்டிகள் இரண்டு பக்கமும் புதருக்குள் நகர்கிறார்கள் என்று குரோசியருக்குத் தோன்றுகிறது. அசியிவின் மெக்கேயின் துப்பாக்கியைப் பிடிக்கிறார், இழுபறி, வெடிச்சத்தம். முதியவரும் விழுகிறார், இசிதோரும் விழுகிறார்.

அதற்கப்புறம் அரைமணி நேரம். போலீஸும் தொண்டர்களும் நின்ற இடத்தில் பனி ஆழம். கால் வைத்தால் புதைகிறது, வண்டிகளுக்குப் பின்னால் பதுங்குவதைத் தவிர வழியில்லை. எதிராளிகள் மரங்களுக்குள்ளும் ஒரு மரவீட்டுக்குள்ளும். பீரங்கி இருந்ததே என்று கேட்பீர்கள். அந்தப் பதற்றத்தில் மருந்துப் பொதியைப் போடுவதற்கு முன்பே குண்டைப் போட்டுவிட்டார்கள். அதோடு பீரங்கி பயனற்றுப் போனது. குரோசியர் தரப்பில் 12 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் தொண்டர்கள், கடைக்காரர்களும் விவசாயிகளுமாக இருந்தவர்கள். மேட்டிகள் தரப்பில் இறந்தவர்கள் அதைவிடக் குறைவு. டூமோனின் தலையை ஒரு தோட்டா உரசிக்கொண்டு போனது. ஓடுபவர்களைத் துரத்தலாம் என்று அவர்கள் எழுந்தபோது தடுத்தவர் ரியேல். சண்டை முழுக்கத் துப்பாக்கி எடுக்காமல், சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு குதிரை மேல் இருந்தவர். அவர் தடுக்காவிட்டால் குரோசியரும் அன்று பிழைத்திருக்க மாட்டார். பிறகு ஒரு கைதியை விடுவித்து, உங்கள் சடலங்களை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியதும் ரியேல்தான்.

அன்று பிற்பகல் ஏர்வினின் படை கார்ல்டன் வந்து சேர்ந்தது. அதே பிற்பகலில்தான் குரோசியரும் காயம்பட்டவர்களோடு திரும்பினார்.

இரண்டு நாளில் கோட்டையைக் காலி செய்தார்கள். கிளம்பும் அவசரத்தில் வைக்கோலில் தீப்பிடித்து அதில் ஒரு பகுதி எரிந்தது. மீதி வேகமாக நடந்தது. புதிய ரயில் பாதையில் கிழக்கிலிருந்து ராணுவம் வந்தது, மே 12இல் படோஷ் வீழ்ந்தது. நவம்பர் 16இல் ரியேலைத் தூக்கிலிட்டார்கள். பதினோரு நாள் கழித்துப் பேட்டில்ஃபோர்டில் 8 பழங்குடியினரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். ஆயுதம் தூக்கியவர்களைத் தடுத்து நிறுத்தப் பார்த்த பிக் பேரும் பவுண்ட்மேக்கரும் சிறைக்குப் போனார்கள். சிறை அவர்களை உருக்குலைத்தது, வெளியே வந்து இருவரும் அதிக காலம் இருக்கவில்லை. மாவு மூட்டைக்குக் கணக்குப் பார்த்தவர்கள் இந்தப் படையெடுப்புக்குக் கணக்குப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

குரோசியருக்கு என்ன ஆயிற்று? வேடிக்கை இல்லை இது, உண்மையிலேயே நடந்தது: டக் லேக் நடந்து ஒரு வாரத்துக்குள் துணைக் கமிஷனர் பதவி உயர்வு. ஆனால் ஏர்வின் தன் அறிக்கையில், நான் பக்கத்தில் வந்துவிட்டேன் என்று தெரிந்தும் இவர் கிளம்பியது வருத்தத்துக்குரியது, தொண்டர்களின் துடிப்பு இவரை இழுத்துவிட்டது என்ற பொருளில் எழுதிவிட்டார். 1886இல் ஏர்வினையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் இருந்த குரோசியருக்குத்தான் கமிஷனர் பதவி என்று எதிர்பார்க்கப்பட்டது. லாரன்ஸ் ஹெர்ச்மர் என்பவரைப் படைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

அவர் செய்த தவறு தவறுதான். 12 குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன, அசியிவின் வீடும் இசிதோர் வீடும் கொடுத்தன. அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் 1884இல் அவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தவர்களில் ஒருவருக்கும் பதவி போகவில்லை. மெக்டொனால்டு 1891இல் சாகும் வரை பிரதமராகவே இருந்தார்.

குரோசியர் அந்த 1886ஆம் ஆண்டே ராஜினாமா செய்தார். எல்லையைத் தாண்டித் தெற்கே போய், கடைசியில் ஓக்லஹோமாவில் குஷிங் என்ற சிற்றூரில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 1901இல் அங்கேயே இறந்தார். வயது 54.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி.