பிள்ளை கேட்கும்போது

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை வேலூர்க்காரர் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வருஷக்கணக்கில் மணலும் முட்செடியுமாகக் கிடந்த ஆறு, கரை முட்ட ஓடியது. அப்போது என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 5 வயது. காட்பாடியிலிருந்து வேலூர் வரும் வழியில், பாலத்தருகே ஜனங்கள் கூட்டமாக நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் நின்றோம். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவன், "ஆயா, இதுலயா நடந்து போனாங்க?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. முந்தின வாரம் அவனுக்கு யோசுவா கதை சொல்லியிருந்தேன். இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தான் நதியைக் கால் நனையாமல் கடந்த கதை. சொன்ன அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. எப்படி இருக்கும்? அவன் பிறந்ததிலிருந்து பார்த்த ஆறு காய்ந்துதானே கிடந்தது! அறுப்புக்காலத்தில் யோர்தான் கரைபுரண்டு ஓடும் என்று வேதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். விட்டதைப் பாலாறு சொல்லிக் கொடுத்தது.

அந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்து வருகிறது. ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார் கர்த்தர். எதற்கு? நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இந்தக் கல்லெல்லாம் ஏது என்று கேட்பார்கள், அப்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்று. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையைப் பற்றிய பகுதியிலும் இதே மாதிரிதான், இந்த ஆராதனை எதற்கு என்று பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள் என்று இருக்கிறது. பிள்ளை கேட்கும் என்று வேதமே எதிர்பார்க்கிறது. நாம் அந்தக் கேள்விக்கு இடம் வைத்திருக்கிறோமா?

நான் 20 வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் அவர்கள் எங்களிடம் இருப்பார்கள். மீதி நேரமெல்லாம் வீட்டில். அந்த வீடுகளில் குடும்ப ஜெபம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், என் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், நீளமான ஒரு அதிகாரம், அதைவிட நீளமான ஒரு ஜெபம். பிள்ளை கண் சொருகினால் தலையில் ஒரு குட்டு. தப்பு செய்தால் தண்டனையாகப் பத்து வசனம் மனப்பாடம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வசனத்தைத் தண்டனையாக வாங்கிய பிள்ளைக்கு, பெரியவனான பிறகும் அந்த வசனம் கசக்கும்.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாக்கள் என்னிடம் கேட்பார்கள், "எங்களுக்கு எங்கேம்மா நேரம்?" என்று. பத்து நிமிஷம் போதும். ஒரு கதை, ஒரு பாட்டு, பிள்ளையே தன் வாயால் சொல்லும் ஒரு சின்ன ஜெபம். அதுவும் முடியாத நாளில் சோறு ஊட்டும்போது பேசுங்கள். உபாகமத்தில் மோசே சொன்னதும் அதுதான்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசு என்றார்.

வழியில் என்றால், நமக்கு வேலூரில் பேசுவதற்கா குறைச்சல்? சி.எம்.சி. பெரிய ஆஸ்பத்திரி பக்கம் போகும்போது நான் பிள்ளைகளுக்கு அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றிச் சொல்வேன். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் அப்பா டாக்டர், ஆனால் ஆண் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தப் பெண்கள் பிழைக்கவில்லை. ஐடா டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு இங்கே வைத்தியம் தொடங்கினார். இதைச் சொன்ன கையோடு, ராத்திரியில் கர்த்தர் கூப்பிட்ட சத்தத்தை ஆசாரியர் ஏலியின் குரல் என்று நினைத்து மூன்று தரமும் அவரிடம் ஓடிய சிறுவன் சாமுவேல் கதையைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை இரண்டையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

எனக்கு வேதம் வந்தது குடியாத்தத்தில், என் ஆயாவிடமிருந்து. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றுவார். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சாயங்காலம் நான் வாசிக்க வேண்டும், அவர் கை நிற்காமல் கேட்பார். ஒரு பையனிடம் இருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு இயேசு பெரிய கூட்டத்துக்கே சாப்பாடு போட்ட கதையை வாசித்த ஒருநாள் அவர் கை நின்றுவிட்டது. "இரு, இரு. அந்தப் பையனுக்கு அப்பத்தை யாரு கட்டிக் குடுத்தது? அவங்கம்மாதானே? அவ பேரு போட்டிருக்குதா பாரு" என்றார். தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் நான் அந்த அம்மாவைத்தான் நினைக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கேளுங்கள்.

நம் பழைய வேதாகமத்தின் தமிழ் பிள்ளைகளுக்குக் கடினம்தான். 23-ம் சங்கீதத்தில் "நான் தாழ்ச்சியடையேன்" என்று ஒரு மூச்சில் ஒப்பிக்கிற பிள்ளையிடம் தாழ்ச்சி என்றால் என்ன என்று கேளுங்கள், விழிக்கும். 1995-ல் வந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடம் "எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம், தப்பே இல்லை.

சில கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்காது. என் கணவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, என் பேரன் தினமும் முழங்கால் போட்டு ஜெபித்தான். அவர் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த ஒருவர், இன்னும் விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அவன் காதுபடவே சொன்னார். பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று ராத்திரி அவனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, "தாத்தா ஏன் போனாருன்னு ஆயாவுக்குத் தெரியாதுடா. உன் ஜெபத்துல ஒரு குறையும் இல்ல" என்றேன். செத்துப்போன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்கு இயேசு போனதைச் சொன்னேன். அங்கே மூன்றே சொல்லில் ஒரு வசனம் இருக்கிறது: "இயேசு கண்ணீர் விட்டார்." அதை அவன் உடனே மனப்பாடம் செய்துகொண்டான். நான் கேட்கவே இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் பாலாற்றில் இறங்கி 12 கூழாங்கற்கள் பொறுக்கி வந்திருந்தோம். ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தான். போன கல்லறைத் திருநாள் அன்று, நாங்கள் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, கால்சட்டைப் பையிலிருந்து அதில் ஒன்றை எடுத்துத் தாத்தாவின் கல்லறை மேல் வைத்தான். எதற்குடா என்றேன்.

"யாராவது இது ஏதுன்னு கேட்டா, தாத்தாவைப் பத்திச் சொல்லலாம்ல ஆயா" என்றான்.

நன்றி, வணக்கம்.