பாலையாவின் முகத்துக்கு எந்த வசனம் ஈடு?

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம். 'நகைச்சுவைப் படங்களில் நம்மைப் பெரிதும் சிரிக்க வைப்பது வசனமா? நடிப்பா?' என்ற தலைப்பில் நடிப்பின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வியைக் கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் அமர்ந்திருக்கிறார். "நடிப்புதான் சிரிக்க வைக்கும் என்றால் இந்த அணியினருக்கு ஒலிபெருக்கி எதற்கு? மேடையில் நடித்துக் காட்டிவிட்டு இறங்க வேண்டியதுதானே?" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் முதலில் உங்களை ஒரு பணக்கார வீட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போகிறேன்.

1964. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. பெயரைச் சொன்னதுமே முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார், பாருங்கள். நான் எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மகன் செல்லப்பாவாக நாகேஷ். 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று பலகை மாட்டிவிட்டார். கதாநாயகியைத் தேடுகிறார், கதையைத் தேடுகிறார், பணம் மட்டும் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. அப்பா, டி.எஸ்.பாலையா. மகன் ஒரு திகில் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். இருட்டு என்கிறார். காற்று என்கிறார். கதவு திறக்கும் ஓசையையும் காலடி ஓசையையும் தம் வாயாலேயே எழுப்புகிறார். சின்னச் சின்னச் சொற்கள், இடையிடையே வெறும் ஓசைகள். அந்த ஓசைகளை எந்த வசனகர்த்தா எந்தத் தாளில் எழுதுவார்?

இப்போது அதே காட்சியை மறுபடியும் ஓட்டுவோம். இந்த முறை நாகேஷைப் பார்க்காதீர்கள். பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் ஒரு பெரிய மனிதரின் மிடுக்கோடு கதை கேட்க உட்காருகிறார். பிறகு கண் சற்றே விரிகிறது. வாய் தானாகத் திறந்துகொள்கிறது. ஒவ்வோர் ஓசைக்கும் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடுகிறது. நிறுத்தடா என்று சொல்லவும் பயம், மேலே சொல்லடா என்று கேட்கவும் பயம். சொந்த வீட்டில், பெற்ற மகனுக்கு எதிரில், அந்தச் செல்வந்தர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 1936இல் 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்த முகம் அது. 'காதலிக்க நேரமில்லை'க்கு மறு ஆண்டு, 1965இல், 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக வந்து பாண்டிய நாட்டையே மிரட்டிய முகமும் அதுவே. அந்த முகத்துக்குத்தான் ஐயா நாம் சிரிக்கிறோம்! நாகேஷ் பேசும்போது கொட்டகையில் இருப்பவர்கள் பாலையாவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

இந்தப் படம் இந்திக்குப் போனது. மெஹ்மூத் கதை சொன்னார், ஓம் பிரகாஷ் பயந்தார். சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் எழுதிய தமிழ்ச் சொல் ஒன்றுகூட அங்கே இல்லை. பயந்த முகம் இந்திக்கும் போனது, கூடவே சிரிப்பும் அங்கே போனது.

சகோதரி வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டினார். 1989, 'கரகாட்டக்காரன்'. இரண்டு பழம் வாங்கி வரச் சொன்னார் கவுண்டமணி. வாங்கியதில் ஒன்றைத் தின்றுவிட்டு வந்து நிற்கிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். இதை ஒரு தாளில் எழுதி, அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'சரி, அப்புறம்?' என்று கேட்பார். கண் இமைக்காமல், குற்ற உணர்வு துளியும் இல்லாமல், பத்துமுறை கேட்டாலும் அதே பதிலை அதே பணிவோடு சொல்லும் செந்திலின் முகம் வேண்டும். உலையில் வைத்த பானையாக மெல்ல மெல்லக் கொதிநிலைக்கு வரும் கவுண்டமணி வேண்டும். கிரேசி மோகனின் பேனாவுக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் அந்தப் பேனாவுக்கு நான்கு உடம்பும் நான்கு நடையும் கொடுத்தவர் கமல்ஹாசன்.

இனி சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். பேசாமல் சிரிக்க வைக்க முடியுமா என்பதுதானே? சாப்ளின் அதைத்தானே செய்தார். பேசும் படங்கள் வந்து உலகமே பேசிக்கொண்டிருந்த 1931இல், பிடிவாதமாகப் பேசாமல் 'சிட்டி லைட்ஸ்' எடுத்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் 1987க்கு வாருங்கள். சிங்கீதம் சீனிவாசராவ் ஒரு முழுநீளப் படம் எடுத்தார். வசனம் கிடையாது. தமிழில் அதற்கு வைத்த பெயர் 'பேசும் படம்'! அதில் கமல் வேலை இல்லாத இளைஞர். திரையரங்கின் இரைச்சல் விழும் அறையில் குடியிருந்து பழகியவர். நட்சத்திர ஓட்டலின் மெத்தையில் படுக்கிறார், தூக்கம் வரவில்லை. அறை அவ்வளவு அமைதி! என்ன செய்தார்? அந்தத் திரையரங்குச் சத்தத்தை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டு வந்து ஓட விட்டார். குழந்தை மாதிரி தூங்கிப்போனார். சகோதரி, இந்த ஏழ்மையை, இந்த நகைச்சுவையை எந்த வசனத்தில் எழுதுவீர்கள்?

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். ஒரே நிமிடம் கொடுங்கள்.

என் அப்பா விசைத்தறி ஓட்டியவர். வாழ்நாள் முழுவதும் அந்தத் தறிச் சத்தத்தில் நின்று காது போயிற்று. வீட்டில் பேச்சுக் குறைந்தது. உறவினர் வந்தால் ஒரு புன்னகையோடு எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஒருநாள் தொலைக்காட்சியில் 'காதலிக்க நேரமில்லை' ஓடியது. பாவம், அவருக்கு எதுவும் புரியாதே என்று நான் நோட்டும் பேனாவும் எடுத்து, நாகேஷ் பேசுவதை வேகவேகமாக எழுதி அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். அப்பா நோட்டைத் தள்ளிவிட்டார். திரையை மறைக்கிறதாம்! 'எனக்குத் தெரிகிறது, நீ தள்ளு' என்றார். பாலையா பயப்படப் பயப்பட அப்பா சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அப்பா எழுந்து நின்று, கண்ணை விரித்து, வாயைத் திறந்து, அம்மாவுக்குப் பாலையாவாக நடித்துக் காட்டினார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க வசனம் இருந்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை.

நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு நொடி உங்கள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அந்தக் காட்சியை மனதில் ஓட விடுங்கள். உங்களுக்குச் சிரிப்பு வராவிட்டால் எதிரணிக்கே தீர்ப்பைக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.