கதவை எங்கே வைப்பது?

வணக்கம் நேயர்களே.

"நீங்களே பைப்பை வெட்டி ஒட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினீங்களாமே, அதைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசுங்க" என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சரி என்று சொன்ன பிறகுதான் உறைத்தது, வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, மூலைக்கு ஒன்றாகச் செருகி, நாலு குச்சியையும் சதுரமாகக் கோத்துப் பாருங்கள். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், கோணிக்கொண்டு படுத்துவிடும். இப்போது ஒரு குச்சியை உருவிவிட்டு மற்ற மூன்றையும் முக்கோணமாகக் கோத்துவிடுங்கள். எந்தப் பக்கம் அழுத்தினாலும் வடிவம் மாறாது. குச்சி ஒடிந்தால்தான் உண்டு.

நான் கட்டிய காரும் இதே சங்கதிதான். ஈர்க்குச்சிக்குப் பதில் இரும்புக் குழாய், வால்வு டியூபுக்குப் பதில் வெல்டிங். இப்படி முக்கோணம் முக்கோணமாகக் குழாய்களைக் கோத்துக் கட்டும் கூட்டுக்கு 'ஸ்பேஸ் ஃப்ரேம்' என்று பெயர். கார் தயாரிக்கும் கம்பெனிகள் தகட்டை அச்சில் அழுத்திப் பாடியாக்குகின்றன. அந்த அச்சுகளுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். குழாய்க் கூட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின், ஒரு ரம்பம், தரைமட்டமான ஒரு மேஜை இருந்தால் போதும். தனியாள் கார் கட்ட நினைத்தால் பெரும்பாலும் குழாயில் வந்து நிற்பது இதனால்தான்.

ஏன் குழாய், முழுக் கம்பி ஆகாதா என்று கேட்பார்கள். நான் எடுத்தது 25 மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் கனம் உள்ள சீம்லெஸ் பைப், அதாவது நீளவாட்டில் ஒட்டு இல்லாத குழாய். ஒரு மீட்டர் எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே எடைக்கு முழுக் கம்பி வாங்கினால் 12 மில்லிமீட்டர் தடிப்புதான் கிடைக்கும். வளையாமல் நிற்பதில் குழாய் அந்தக் கம்பியைப் போல ஏழு மடங்கு. இரும்பு நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இருந்தால்தான் அதிகம் உழைக்கும். மூங்கில் உள்ளே பொள்ளலாக இருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஒரு கார் வளைவில் திரும்பும்போது பாரத்தில் பெரும்பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் இன்னொரு திசையிலும் முறுக்கப்படும். சட்டகம் இந்த முறுக்குக்கு இடம் கொடுத்துவிட்டால் அதுவே இன்னொரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. அப்புறம் நீங்கள் என்ன விலைக்கு ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டினாலும் கார் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஆகவே எல்லாச் சதுரத்துக்கும் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு குழாய், அதாவது மூலைக்குழாய், கொடுத்து முக்கோணங்களாக்கிவிட்டால் வேலை முடிந்தது. இங்கேதான் வம்பே தொடங்குகிறது. அந்தக் காருக்குள் ஓர் ஆள் ஏறி உட்கார வேண்டும். எஞ்சினை இறக்க வேண்டும், என்றைக்காவது வெளியே எடுக்கவும் வேண்டும். ஆள் நுழைய வேண்டிய இடம், எஞ்சின் இறங்க வேண்டிய இடம், பெடலுக்குக் கால் நீட்ட வேண்டிய இடம், எல்லாமே பெரிய சதுரங்கள். சட்டகம் எங்கே குழாய் கேட்கிறதோ, சரியாக அங்கேதான் மனிதனும் இடம் கேட்கிறான்.

இந்தச் சண்டையில் பிறந்ததுதான் உலகத்திலேயே புகழ்பெற்ற ஒரு கார்க்கதவு. 1952-இல் மெர்சிடஸ் கம்பெனி 300 எஸ்எல் என்ற பந்தயக் காரைக் கட்டியது. ருடால்ஃப் ஊலன்ஹவுட் என்ற பொறியாளரின் வேலை. எஞ்சின் அவர்களுடைய பெரிய சொகுசுக் காரிலிருந்து எடுத்தது, நல்ல கனம். அந்த எடையை வேறெங்காவது ஈடுகட்ட வேண்டும் என்று மெல்லிய குழாய்களில் சட்டகம் கட்டினார். எடை 50 கிலோ அளவில்தான். விறைப்பு வேண்டும் என்று பக்கவாட்டுக் குழாய்களை உயர்த்திக்கொண்டே போனதில், சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லாமல் போயிற்று. சரி, கதவைக் கூரையோடு சேர்த்து மேல்நோக்கித் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். பறவை சிறகு விரித்தாற்போல இருக்கிறதே, என்ன அழகு என்று இன்றைக்கும் கொண்டாடுகிறோம். அழகுக்காக வைத்ததே இல்லை. அந்த ஆண்டே அது லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

1954-இல் அதைச் சாலையில் ஓட்டும் காராக விற்றபோது, உட்காருவதற்கு வசதியாக ஸ்டியரிங் வளையமே மடங்கும்படி செய்தார்கள். 1957-இல் கூரையில்லாத மாடல் வந்தது. கூரை இல்லையென்றால் சிறகுக்கதவை எங்கே தொங்கவிடுவது? பக்கக் குழாய்களைத் தாழ்த்தி, சட்டகத்தையே மாற்றிக் கட்டிய பிறகுதான் சாதாரணக் கதவு வைக்க முடிந்தது.

இத்தாலியில் மசெராட்டி வேறு வழியில் போனது. ஜூலியோ அல்ஃபியேரி என்பவர் சில பெரிய குழாய்களுக்குப் பதிலாக ஏறத்தாழ 200 சிறு குழாய்களைக் கோத்து ஒரு சட்டகம் செய்தார். பார்த்தவர்கள் 'பறவைக் கூண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கார் நியூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தை 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்றது. கொஞ்சம் கை வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வெல்டர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒன்றின் முனையை மீன்வாய் மாதிரி குடைந்து மற்றதன் மேல் இடைவெளியில்லாமல் உட்கார வைக்க வேண்டும். 200 குழாய் என்றால் 400 மீன்வாய்.

போர்ஷே கம்பெனியின் 917 கார், 1969-இல் வந்தது, அலுமினியக் குழாயில் கட்டியது. இத்தனை ஒட்டுகளில் எங்கே விரிசல் விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்துவிட்டார்கள். அழுத்தம் குறைந்தால் எங்கோ விரிசல். டியூப் பஞ்சரான மாதிரி சட்டகமே பஞ்சர்! இந்த யோசனையைக் கேட்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்மூருக்கு வருகிறேன். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கரிவர்தனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். பந்தயக் காரென்றாலே வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றிருந்த காலத்தில், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே கட்டியவர். 1995-இல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே குழாய் வெட்டிக் கட்டிய கார்களைக் கொண்டுவந்து அங்கே போட்டியில் ஓட்டுவார்கள். ஒரு வருடம் வேடிக்கை பார்க்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது.

நானும் எடுத்தது மாருதி 800 எஞ்சின்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறன்கூட வராது. ஆனால் அதில் ஒரு சௌகரியம். எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே பொட்டலமாக முன்சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி டிரைவர் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால், அது பின்சக்கரத்தை ஓட்டும். கியர் கம்பியை அங்கிருந்து கைக்கு எட்டும்படி நீட்டிக் கொண்டுவருவது ஒரு தனி ரோதனை, அதை இப்போது விட்டுவிடுகிறேன்.

சட்டகத்தை முதலில் டேக் மட்டும், அதாவது அங்கங்கே ஒரு பொட்டு வெல்டிங் மட்டும், அடித்து நிறுத்த வேண்டும், எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் முழு வெல்டிங். அவசரத்தில் நான் வலப்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டேன். மறுநாள் காலையில் அளந்தால் ஒரு மூலை நாலு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பட்டறையில் வெல்டர் அண்ணன் வந்து பார்த்தார். "ஒரே பக்கமா ஓட்டிட்டே போனா இழுக்காம என்னங்க பண்ணும்? இந்த மூலையில ஒண்ணு, அந்த மூலையில ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வெக்கோணும்" என்றார். அந்தப் பக்கத்தை அறுத்து மறுபடி கட்ட மூன்று வாரம்.

அதைவிடப் பெரிய கூத்து எஞ்சின் அறையில். விறைப்பாக இருக்கட்டும் என்று மேலே குறுக்காக ஒரு மூலைக்குழாய் வைத்து அழகாக வெல்டிங் செய்துவிட்டேன். எஞ்சின் அப்போது உள்ளேதான் இருந்தது. அளவு பார்க்க வைத்தது. மறுநாள் வெளியே எடுக்கலாம் என்று சங்கிலி மாட்டித் தூக்கினால், குழாயில் இடிக்கிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் வரவில்லை. டீ வாங்கி வந்த பையன் கேட்டான், "இது எப்படிண்ணா உள்ள போச்சு?"

அறுக்க வேண்டியதாயிற்று. அறுத்துவிட்டு அப்படியே விட மனமில்லை. காரின் பின்பாகத்தை மேஜையோடு போல்ட் போட்டு இறுக்கி, முன்பாகத்தில் ஒரு நீளக் கம்பியைக் குறுக்கே கட்டி, கம்பி முனையில் எடைக்கல் தொங்கவிட்டு, சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜில் பார்த்தோம். குழாய் இல்லாதபோது முள் ஓடுகிறது. அதே குழாயைக் கிளாம்ப் வைத்து இறுக்கிப் பார்த்தால் பாதி தூரம்கூட நகரவில்லை. மேலே கிடக்கிற ஒற்றைக் குழாய், ஒரு கிலோ எடை! கடைசியில் இரண்டு முனையிலும் கனத்த தகடு வைத்து, போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துகொண்டேன். பெரிய பந்தயக் கார்களிலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல்.

இதே ஆசை உள்ள தம்பி தங்கைகளுக்கு இரண்டே செய்தி. கையில் கிடைக்கிறதே என்று தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப்பில் கட்டாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, ஒட்டும் நிற்காது. அப்புறம், இப்படிக் கட்டிய காருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் வாங்கிவிடலாம் என்று கனவு காணாதீர்கள். ஒரு மாடலை அரசின் சோதனை நிலையத்தில் சோதித்துச் சான்று வாங்கினால்தான் பதிவு நடக்கும், ஒற்றைக் கார் கட்டும் ஆளுக்கு அது எட்டாத செலவு. என் கார் வண்டியில் ஏறித்தான் தடத்துக்குப் போகிறது, வண்டியில் ஏறித்தான் வீடு திரும்புகிறது.

கதவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கதவே வைக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இருக்கைமேல் ஏறி நின்று, இரண்டு பக்கக் குழாயையும் பிடித்தபடி காலை நீட்டி உள்ளே இறங்க வேண்டும். வீட்டுக்காரி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "சேலை கட்டிக்கிட்டு இதுல எப்படிங்க ஏறுறது?" என்று கேட்டாள். அடுத்த சட்டகத்தில் இடப்பக்கக் குழாயை ஒரு சாண் தாழ்த்தியிருக்கிறேன். விறைப்பு எவ்வளவு போனது என்று இனிமேல்தான் எடைக்கல் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.