தந்தியை அழுத்தும் சின்னத் தகடு

நேயர்களுக்கு வணக்கம். எலக்ட்ரிக் கிட்டாரின் தலைப்பகுதியில், முதல் இரண்டு தந்திகள் முறுக்காணிகளுக்குச் செல்லும் வழியில், ஒற்றைத் திருகாணியால் இறுக்கிய சிறு உலோகத் தகடு ஒன்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரிங் ட்ரீ என்று அதற்குப் பெயர். பெயரில்தான் மரம் இருக்கிறதே தவிர, வேலை தந்தியைக் கீழே அழுத்துவது. பல ஆண்டுகளாகக் கிட்டார் பழுதுபார்த்துவரும் எனக்கு இதன்மேல் தனிப்பற்று உண்டு. அந்தப் பற்றுக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் கல்லூரி மாணவர் ஒருவர் தம் கிட்டாரைக் கொண்டுவந்தார். முதல் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால், தம்புராவில் நூல் வைத்து வேண்டுமென்றே வரவழைப்பதைப் போன்ற ஓர் இரைச்சல் கேட்டது. ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் எதில் விரல் வைத்து அழுத்தினாலும் ஒலி சுத்தமாக இருந்தது. கழுத்து வளைந்துவிட்டது என்று ஓரிடத்தில் சொன்னார்களாம்; வேறோரிடத்தில், கழுத்தும் தலையும் சேருமிடத்தில் தந்திகளைப் பள்ளங்களில் தாங்கும் சிறு கட்டையான நட்டையே மாற்றியிருந்தார்கள். இரைச்சல் மட்டும் போகவில்லை. நான் நட்டுக்குப் பின்னால், தலைப்பகுதியில், அந்தத் தந்தியை விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டு மீட்டினேன். இரைச்சல் நின்றது. விரலை எடுத்தேன், திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினேன், நின்றது. அதன்பிறகுதான் இருவரும் குனிந்து பார்த்தோம். வீட்டில் புதுத் தந்தி மாற்றியபோது அதைத் தகட்டுக்கு அடியில் நுழைக்காமல் மேலேயே விட்டிருக்கிறார். தந்தியைத் தளர்த்தி, தகட்டின் அடியில் நுழைத்து, மீண்டும் சுருதி சேர்த்தோம். அவ்வளவுதான் பழுது.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இருபுறமும் கீழ்நோக்கி இறங்குவதால்தான் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறது. கயிற்றைக் கிடைமட்டமாகப் பிடித்தால் அது கப்பியில் நிலையாக உட்காராது. கிட்டாரின் நட்டும் அப்படித்தான். அதைத் தாண்டியதும் தந்தி சற்றே கீழ்நோக்கி இறங்க வேண்டும். அந்த இறக்கம் போதாவிட்டால் தந்தி பள்ளத்தில் ஆடும், இரையும், ஓங்கி மீட்டினால் வெளியே துள்ளவும் செய்யும். ஃப்ரெட்டில் விரல் வைத்துவிட்டால் அதிர்வு நட்டிலிருந்து தொடங்குவதில்லை என்பதால்தான், மாணவரின் கிட்டாரில் திறந்த தந்தி மட்டும் இரைந்தது.

இந்த இறக்கத்தைத் தருவதற்கு ஏன் ஒரு தனித் தகடு வேண்டும்? 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர், கழுத்தையும் தலையையும் ஒரே மேப்பிள் பலகையிலிருந்து, தலையைச் சாய்க்காமல் தட்டையாகவே அறுத்தெடுத்தார். மரம் மிச்சமாகும், இயந்திரத்தில் அறுப்பது எளிது, கீழே விழுந்தாலும் தலை எளிதில் முறியாது. கிப்சன் நிறுவனம் 1952இல் கொண்டுவந்த லெஸ் பால் கிட்டாரில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் எல்லாத் தந்திகளும் தாமாகவே இறங்கும். அதற்குத் தகடு தேவையில்லை. ஆனால் அந்தச் சாய்விடமே விழுந்தால் முறியும் இடமும்கூட, முறிந்த தலைகளை ஒட்டிக் கொடுத்த கைகள் இதைச் சொல்கின்றன.

ஃபெண்டரில் ஆறு முறுக்காணிகளும் ஒரே வரிசையில் நிற்பதால், தடித்த ஆறாம் தந்தியின் ஆணி நட்டுக்கு அருகிலும், முதல் தந்தியின் ஆணி கடைக்கோடியிலும் இருக்கும். தூரம் கூடக்கூட இறக்கம் குறையும். அதனால்தான் தகடு மெல்லிய தந்திகளின் பக்கம் இருக்கிறது. ஃபெண்டரின் கிட்டார்களான டெலிகாஸ்டரிலும் 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரிலும் அது முதலில் வட்டப் பொத்தானாக இருந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி வடிவுக்கு மாறியது. 1970களின் தொடக்கத்தில் ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்றாம் நான்காம் தந்திகளுக்கும் இரண்டாவது தகடு ஒன்று சேர்ந்தது.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். சுருதி கலைவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அளவுக்கு மேல் அழுத்தினால் தகட்டில் உராய்வு கூடி, தந்திகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை அசைக்கும் ட்ரெமொலோ கைப்பிடியை ஆட்டியபின் தந்தி பழைய இடத்துக்குத் திரும்பாது. இதற்காகவே உருளை வைத்த தகடுகளும், உயரம் படிப்படியாகக் குறையும் முறுக்காணிகளும் வந்திருக்கின்றன. செலவில்லாத வழி வேண்டுமென்றால், தந்தி மாற்றும்போது தகட்டின் அடியிலும் நட்டின் பள்ளங்களிலும் மென்மையான பென்சில் முனையைத் தேயுங்கள். வணக்கம்.