பின்பாட்டுக்காரர் கேட்ட கேள்வி

(பள்ளி இலக்கிய மன்ற நிறைவு விழாவில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, என் தோழர் தோழியரே, எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

'வகுப்பறையும் கலையும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுபவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள். படித்துப் படித்து மனம் களைத்துவிடும், அதற்குப் பாட்டும் நாடகமும் ஓர் இளைப்பாறல் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தவர்களைக் கேளுங்கள். தொண்டை கட்டிக்கொள்ளும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தாளம் தப்பினால் அவரோடு சேர்ந்து நாமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் இளைப்பாறல் எங்கே இருக்கிறது? பாடத்தில் எந்த இடம் நமக்குப் புரியவில்லை என்பதை நமக்கே காட்டித் தருவது ஒத்திகைதான். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

போன வருடம், பத்தாம் வகுப்பில், எங்கள் பிரிவு ஒரு வில்லுப்பாட்டு நடத்தியது. பொதுத்தேர்வு ஆண்டில் அதற்கு இடம் கொடுத்த எங்கள் வகுப்பாசிரியருக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். கதை, வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல். அது எங்கள் சமூக அறிவியல் பாடத்தில் வருகிறது. அதில் தேர்வும் எழுதி முடித்திருந்தோம். சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய ஆண்டு எது? 1906. கப்பல் ஓடியது எங்கிருந்து எங்கே? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு. எல்லோரும் எழுதினோம், எல்லோருக்கும் மதிப்பெண் கிடைத்தது.

வில்லுப்பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் மணிகள் கட்டிய நீண்ட வில் இருக்கும். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்வார். குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் சுற்றி இருக்கும். பக்கத்தில் பின்பாட்டுக்காரர் உட்கார்ந்து 'ஆமா' போடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் அவருக்குப் பெரிய வேலை இல்லாத மாதிரி தோன்றும். ஆனால் கதை நகர்வதே அவரால்தான். "அப்புறம் என்ன ஆச்சு?", "அவர் ஏன் அப்படிச் செய்தார்?" என்று அவர் கேட்க வேண்டும். கேட்டால்தான் பாடகர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லுப்பாட்டில் சொன்னதும், பல்லாண்டு இந்தக் கலையிலேயே வாழ்ந்த சுப்பு ஆறுமுகம் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோயில் கொடை விழாவில் பாடிய ஒரு கலை, நாட்டு நடப்பைச் சொல்லும் கலையாகவும் வளர்ந்ததற்கு இந்தக் கேள்வி கேட்கும் முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் பின்பாட்டுக்கு வந்த மாணவன் வகுப்பில் அதிகம் பேசாதவன். முதல் ஒத்திகையில் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தான். இரண்டு மூன்று ஒத்திகை போன பிறகு, தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டான். கதையில் "நிறுவனத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய்" என்று ஓர் அடி வந்தது. "பத்து லட்சமா! யார் கொடுத்தாங்க?" என்றான். பாட்டு நின்றுவிட்டது. தேடிப் பார்த்தோம். 40,000 பங்குகள், ஒவ்வொன்றும் 25 ரூபாய். அவனே விரல் விட்டுப் பெருக்கிப் பார்த்து, சரியாகப் பத்து லட்சம் வருகிறது என்றான். பாட்டில் அந்தக் கணக்கையே சேர்த்துவிட்டோம்.

அடுத்த கேள்விதான் எங்களை உலுக்கியது. "இவ்வளவு பேர் சேர்ந்து தொடங்கினாங்க, ஜனங்களும் அந்தக் கப்பலில்தான் போனாங்க. அப்புறம் ஏன் நட்டம் வந்துச்சு?" தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் அந்த வட்டத்தில் இருந்தோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. 'நலிவடைந்தது' என்று எழுதியிருந்தோம், அவ்வளவுதான்.

வரலாற்று டீச்சரிடம் போனோம். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுத்தார். ஆரம்பத்தில் வ.உ.சி. வாடகைக்குக் கப்பல் எடுத்திருக்கிறார். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கப்பல் கொடுத்தவரை மிரட்டி அதை நிறுத்தியது. அதனால்தான் சொந்தக் கப்பல் வாங்கும் முடிவு. சொந்தக் கப்பல் வந்ததும் கட்டணப் போர் தொடங்கியது. எதிர்த் தரப்பு ஒரு ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தது, சுதேசி நிறுவனம் அதையும் பாதியாகக் குறைத்தது. கடைசியில் அவர்கள் கட்டணமே வேண்டாம் என்று சொல்லி, ஏறுபவர்களுக்குக் குடையும் இலவசமாகக் கொடுத்தார்கள். பல வழித்தடங்களில் கப்பல் விடும் பெரிய நிறுவனம், ஒரு தடத்தில் வரும் நட்டத்தை இன்னொரு தடத்து இலாபத்தில் ஈடுகட்டிவிடும். 25 ரூபாயாகச் சேர்த்த பணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? 1908-இல் வ.உ.சி. கைதான பிறகு அந்த நிறுவனத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

அன்று மாலையே இரண்டு அடி எழுதினோம்:

"காசு வேண்டாம், ஏறு என்றான் வெள்ளைக்காரன் கம்பெனி!"
"ஆமா, கையோடு குடையும் தந்து கவுத்துப் போட்டான் கம்பெனி!"

மேடையில் அந்த இடம் வந்தபோது சபை சிரித்தது. ஆனால் அடுத்த அடியில் வ.உ.சி. சிறையில் செக்கிழுத்த செய்தி வந்ததும் அதே சபை அடங்கிப் போனது. 1906 என்ற எண்ணை நான் எப்போதும் மறக்க மாட்டேன். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு குடையும் ஒரு கணக்கும் ஒரு கேள்வியும் இருக்கின்றன.

இதைக் கேட்டு, வரலாற்றுக்குச் சரி, அறிவியலுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்த ஆண்டு இயற்பியலில் 'அலைகள்' படிக்கிறோம். ஒரு கம்பி அதிரும்போது அடிப்படை ஓசையோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஓசைகளான மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளாக இருக்கும். வட்டமான தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அப்படி வராது. அதனால்தான் சாதாரண முரசில் ஓசை இருக்கும், சுருதி நிற்காது. ஆனால் மிருதங்கத்தில் சுருதி நிற்கிறதே, எப்படி? சர் சி.வி.இராமன் இதைத்தான் கேட்டார். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் கறுப்பாகப் பூசியிருக்கும் அந்தப் பூச்சின் எடை மேற்சுரங்களை ஒழுங்குபடுத்தி, ஏறக்குறைய முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது என்று காட்டி, 1920-இல் 'நேச்சர்' இதழில் தம் உடன் ஆய்வாளரோடு எழுதினார். நோபல் பரிசுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய வேலை இது. மிருதங்கத்தின் ஓசையைக் கவனித்துக் கேட்ட காது இருந்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்திருக்கும். அந்தப் பூச்சை எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தடவித் தடவித் தட்டிப் பார்த்துச் சரிசெய்த கைவினைஞர்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பறை இல்லாமல் மேடை மட்டும் போதாது. எங்களுக்குப் பாடநூல் இல்லையென்றால் பாடுவதற்குக் கதையே இல்லை. சான்று கேட்கும் டீச்சர் இல்லையென்றால் காதில் விழுந்ததையெல்லாம் வரலாறு என்று பாடியிருப்போம். ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, பயிற்சியாளர் சொன்ன அசைவுகளை அப்படியே ஆடிவிட்டு இறங்குவது மகிழ்ச்சியான விஷயம்தான், நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் அதில் நாங்கள் யாரிடமும் எதையும் கேட்கத் தேவை இருக்கவில்லை. விழா முடிந்த மறுநாள் அது முடிந்துபோனது.

பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது பாட்டு, ஓவியப் பாடவேளைகள்தான். கணக்குக்கும் அறிவியலுக்கும் அவை போய்விடும். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் படித்தது புரிந்திருக்கிறதா என்று நாங்கள் சோதித்துப் பார்க்கும் இடத்தை அந்த நேரத்தில் இழந்துவிடுகிறோம். அந்தப் பாடவேளையை விட்டுவைத்து, பருவத்துக்கு ஒரு பாடத்தையாவது அதில் பாட்டாகவோ நாடகமாகவோ செய்ய விடுங்கள். நன்றாகப் பாடும் நான்கு பேரை மட்டும் பொறுக்கி எடுக்காமல், குடம் தட்டவும் கதை எழுதவும் தகவல் சரிபார்க்கவும் எல்லோருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். முக்கியமாக, பின்பாட்டை வகுப்பில் பேசாதவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் வகுப்பில் மிருதங்கம் படிக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். வாத்தியத்தை ஒருநாள் இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவரச் சம்மதித்திருக்கிறாள். வலந்தலையிலும், இடப்பக்கமான தொப்பியிலும் எழும் ஒலிகளைக் கைப்பேசியில் பதிந்து, அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். இயற்பியல் சாரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். அவர் கிடைத்த முடிவுகளை எழுதிக் கொடுத்தால் போதாது, வகுப்புக்கு முன்னால் வாசித்தும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒத்திகை தொடங்கிவிட்டோம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.