கடைசித் திருப்பம்

வணக்கம். செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் கிடக்கும் பழைய விமான ஓடுதளம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. அது திரும்ப உயிர்பெறும் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்பதால் என்னைத் தேடி வருவார்கள். "அண்ணே, பையன் பைலட் படிக்கணும்கிறான், அனுப்பலாமா?" எங்காவது பயிற்சி விமானம் விழுந்துவிட்டால் அதே ஆட்கள் கேட்பது வேறு: "பையன் பயந்துட்டானோ?"

2022 பிப்ரவரியில் நல்கொண்டா மாவட்டத்தில் செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. தனியாகப் பறந்த மாணவி, தமிழ்நாட்டுப் பெண், இறந்துபோனார். 2023 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் பாலகாட் மலைப்பகுதியில் பயிற்றுநரும் மாணவியும். 2025 ஏப்ரலில் குஜராத்தின் அம்ரேலியில் ஒரு பயிற்சி விமானி. ஒவ்வொரு தடவையும் நூறடி ரோட்டு டீக்கடையில் அன்று சாயங்காலமே தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

சின்ன விமானங்களை அதிகம் கொல்லும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். மேலே சொன்ன மூன்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். ஓடுதளத்தைச் சுற்றிச் செவ்வகமாகப் பறப்பதை சர்க்கிட் என்போம், உயரம் சுமார் 1,000 அடி. இறங்குவதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் உயரமும் குறைவு, வேகமும் குறைவு. காற்று தள்ளி, ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னும் கொஞ்சம் சாய்த்துத் திருப்பக் கை போகும். தரை கிட்டத்தில் தெரிவதால் மூக்கைத் தூக்கவும் கை போகும். இரண்டும் சேரக் கூடாது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை சுமக்கும் பாரம் இரண்டு மடங்கு. நேராகப் போகும்போது வேகம் 45 நாட் (விமான வேக அளவு) ஆகக் குறையும்வரை தாங்கிய இறக்கை, இப்போது 63 நாட் வேகத்திலேயே கைவிட்டுவிடும். இதுதான் ஸ்டால். கால் சுக்கானையும் அதிகமாக மிதித்திருந்தால் ஒரு பக்க இறக்கை முந்தி விழும், விமானம் பம்பரமாகச் சுழலும். 5,000 அடியில் இதிலிருந்து மீளக் கற்றுக்கொடுக்கலாம். 500 அடியில் மீள இடம் ஏது?

அப்புறம், பனிக்கட்டி. நம் ஊர் வெக்கையில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள இன்ஜினில், பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருந்ததைவிட 20 டிகிரிக்கும் அதிகமாகக்கூடக் குறையும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில், இன்ஜினைத் தணித்து இறங்கும் நேரத்தில், உள்ளே பனி கட்டி மூச்சடைக்கலாம். சூடான காற்றை உள்ளே விட ஒரு பிடி இருக்கிறது. அதை இழுக்க நினைவு வரவேண்டும், அவ்வளவுதான்.

இந்த ரகச் சின்ன விமானங்களில் பெரும்பாலும் கறுப்புப் பெட்டி கிடையாது. விசாரிப்பவர்கள் முறுக்கிக் கிடக்கும் ப்ரொபெல்லரைப் பார்த்து, விழுந்தபோது இன்ஜின் விசையோடு ஓடியதா என்று கணிக்கிறார்கள். நம் நாட்டில் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் 2012-இல் வந்தது. இப்படிப்பட்ட விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது மட்டும்தான், யார்மேலும் பழி போடுவது இல்லை என்று சர்வதேச விதியே சொல்கிறது. இது எனக்குப் பிடித்த விதி. பையன்மேல் பழியைப் போட்டுவிட்டால் பராமரிப்புப் பதிவேட்டை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

சரி, அனுப்பலாமா? அனுப்புங்கள். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், பணமும் நிறையப் போகும். கட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கு நேரில் போங்கள். முதலாளியை விடுங்கள், அங்கே படிக்கிற பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்: விமானத்தில் ஒரு குறையைக் கண்டு ஸ்நாக், அதாவது குறைக் குறிப்பு, எழுதிவைத்தால் மறுநாள் என்ன நடக்கிறது? "இன்றைக்குக் காற்று சரியில்லை, நான் பறக்கவில்லை" என்று சொன்ன பிள்ளைக்கு அடுத்த முறை எப்போது வருகிறது?